வடவள்ளிக்கு ஒரு மனத்தாங்கல்

கைப்பேசியில் விரல் வைத்தால் வாசலுக்கு வந்து நிற்குமே, அந்த வாடகைக் கார்களும் ஆட்டோக்களும் ஒரு திங்கட்கிழமை காலையில் கோயமுத்தூரை விட்டு ஒரேயடியாகக் காணாமல் போயின. கம்பெனிக்காரன் கடையைக் கட்டிவிட்டான் என்றார்கள் சிலர். டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டார்கள் என்றார்கள் சிலர். எது நிஜம் என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அன்றைக்கு யாருக்கும் நேரமும் இல்லை, ஏனென்றால் ஆபீசுக்குப் போகவேண்டியவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்களும் ரயிலைப் பிடிக்கவேண்டியவர்களும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நின்றார்கள், போனில் ஊர்ப்படம் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல வெறுமையாக இருந்தது, எறும்புமாதிரி அதில் ஊர்ந்துகொண்டிருந்த கார்களில் ஒன்றுகூட இல்லை.

சிங்காநல்லூரில் இதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் சென்னியப்பன்தான். அந்த வண்டிகள்மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஒருதடவை மகள் வீட்டுக்குப் போக மருமகன் வண்டி போட்டுக் கொடுத்து, டிரைவர் போன் செய்து "எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்து, இவரும் பேக்கரிக்கு எதிரில், வேப்பமரத்துக்குக் கீழே, வெள்ளைச் சட்டை என்று சொல்லிக்கொண்டே இருந்து, கடைசியில் அந்த வண்டி வராமலே போய்விட்டது. முகம் தெரியாத அந்த டிரைவரை அவர் மன்னிக்கவில்லை. மில்லில் தீபாவளியன்று தனக்கு மட்டும் ஷிப்ட் போட்ட மேஸ்திரியை அவர் மன்னிக்கவில்லை, அந்த மேஸ்திரி செத்துப்போய், மில்லும் மூடிப்போய், மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியபிறகும் மன்னிக்கவில்லை. மகள் கல்யாணத்தில் தன் தலையை வெட்டிவிட்டுப் போட்டோ எடுத்தவனையும் மன்னிக்கவில்லை. மற்றவர்கள் வீட்டில் பாத்திரம் பண்டம் சேர்த்து வைப்பதுபோல அவர் மனத்தாங்கல்களைச் சேர்த்து வைத்திருந்தார், அவ்வப்போது எடுத்துத் துடைத்துத் திரும்பவும் வைத்துக்கொள்வார், ஒன்றிலும் துரு ஏற விட்டதில்லை.

அதிலெல்லாம் பெரியது எதிர்வீட்டு மயில்சாமிமேல் இருந்தது. மயில்சாமி வேறு யாருமல்ல, சென்னியப்பனின் மனைவி ருக்மணிக்குக் கூடப்பிறந்த தம்பி. மகள் கோகிலவாணி பாவாடை சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், மயில்சாமி எதிரில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தான். அக்கா புருஷன் என்ற முறையில் சென்னியப்பன் சலவைவேட்டி கட்டிக்கொண்டு வாசற்படி ஏறினார். மயில்சாமி பார்த்தான். பார்த்தும், "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொங்குநாட்டில் ஒருத்தனைக் கையை நீட்டி அடித்தால்கூடப் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்ளலாம்; வீட்டுக்கு வந்தவனை "வாங்க" என்று கேட்காவிட்டால் அதற்குத் தீர்வே கிடையாது. சென்னியப்பன் அன்றைக்குத் திரும்பி நடந்தவர்தான். ருக்மணி தம்பி வீட்டுக்குப் போவாள், வருவாள், குழம்பு கொண்டுபோவாள், ரசம் கொண்டுவருவாள். ஆம்பிளைகள் இரண்டுபேரும் மட்டும் காலையில் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து, ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வண்டிகள் போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் அது நடந்தது. துளசிமணி என்றும் நஞ்சம்மாள் என்றும் இரண்டு ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள், மாமியாருடைய அம்மிக்கல் யாருக்கு என்பதில் பேச்சு நின்று போனவர்கள், அவர்களுக்குக் காந்திபுரத்தில் ஒரு சாவுக்குப் போகவேண்டியிருந்தது. மிஞ்சிய ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் ராஜாக்களாகிவிட்ட நேரம், கூப்பிட்டால் திரும்பியே பார்க்கமாட்டார்கள். பஸ்ஸோ ஆட்களை வாசலில் பிதுக்கிக்கொண்டு ஸ்டாப்பில் நிற்காமல் போகும். வேறு வழியில்லாமல் இருவரும் நடந்தார்கள். கொஞ்சதூரம் போனதும் துளசிமணிக்குத் தாங்கவில்லை. "அந்த அம்மிய வெச்சு என்ன அரைச்சுக் கிழிச்சுட்டியாம்?" என்றாள். "நீ மிக்சி வெச்சிருக்கறவதானே, உனக்கு எதுக்கு அம்மி?" என்றாள் நஞ்சம்மாள். அவ்வளவுதான், இரண்டுபேரும் நிமிர்ந்து பார்த்தால் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் நிற்கிறது.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு எல்லாரும் செய்து பார்த்தார்கள். விஷயம் இவ்வளவுதான்: மனத்தாங்கல் உள்ள இரண்டுபேர் சேர்ந்து நடந்து, அந்த மனத்தாங்கலை வாய்விட்டுப் பேசினால் சாலை சுருங்கிவிடும். உள்ளுக்குள் பொருமிக்கொண்டு நடந்தால் சுருங்காது. சும்மா நடித்தாலும் சுருங்காது; காலேஜ் பையன்கள் இரண்டுபேர் கைகொட்டிச் சிரித்துக்கொண்டே ஒருத்தனையொருத்தன் திட்டிப்பார்த்து ஓர் அடிகூடக் குறையாமல் நடந்தே போய்ச் சேர்ந்தார்கள். எவ்வளவு மனத்தாங்கலோ அவ்வளவு தூரம். மனத்தாங்கல் தீர்ந்தால் சாலை அந்த இடத்திலேயே விட்டுவிடும்.

ஊர் இதை ஒருவாரத்தில் பழகிக்கொண்டது. மாமியாரும் மருமகளும் கைகோத்துக்கொண்டு உழவர் சந்தைக்குப் போய்க் காலைக்காப்பி ஆறுவதற்குள் கத்தரிக்காயோடு திரும்பினார்கள். பாகம் பிரிப்பதில் கேஸ் போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகள், விமான நிலையத்துக்குப் போகிறவர்களை ஆளுக்கொரு கை பிடித்து நடுவில் நடக்கவைத்துக் கொண்டுபோய் விட்டார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையை நம்பி மட்டும் யாரும் நெடுந்தூரம் கிளம்பவில்லை, அது உள்ளூர் ராமநாதபுரம் தாண்டுவதற்குள் ஆறிவிடுகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கெட்டிக்காரர்கள் மிச்சம் பிடித்துப் பேசினார்கள். சுங்கம் சிக்னல்வரைக்கும் பாதியைச் சொல்லி, வாயை மூடிக்கொண்டு, திரும்பிவரும்போது மீதியைச் சொல்லி வீடு சேர்ந்தார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட, "உங்க பக்கத்துல பேச்சுவார்த்தை இல்லாத சொந்தம் எத்தனை?" என்று கேட்க ஆரம்பித்தார்கள், நிறைய இருந்தால் நல்ல சம்பந்தம்.

ஆனால் மனிதனுக்குப் பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. பேசிப்பேசி ஊரில் பாதிச் சண்டை தீர்ந்துபோயிற்று. துளசிமணியும் நஞ்சம்மாளும் அம்மியை வாரத்துக்கு ஒரு வீடு என்று மாற்றிமாற்றி அரைக்க ஆரம்பித்து, இப்போது எங்கே போனாலும் நடந்தே போய்க் கால்வீங்கி வந்தார்கள். மாதம் போகப்போக நல்ல மனத்தாங்கல் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. சிங்காநல்லூரில் உடையாமல் சிந்தாமல் முழுசாக மிஞ்சியிருந்தது சென்னியப்பன் மயில்சாமி மனத்தாங்கல் ஒன்றுதான். பேக்கரி குப்புராஜ் டீ ஆற்றும்போதெல்லாம் அதைப்பற்றியே பேசுவான்.

"சென்னிண்ணா, உங்களுது கெட்டியான சரக்குங்ணா. நீங்களும் மயில்சாமிண்ணனும் வாயத் தொறந்தீங்கன்னா ஒரே எட்டுல ஊட்டியே போயிரலாம்."

"அவன்கூட ஊட்டிக்கு என்ன, சொர்க்கத்துக்கும் வரமாட்டேன்" என்பார் சென்னியப்பன்.

இப்படியிருக்கும்போதுதான் வடவள்ளியில் கோகிலவாணி வீடு கட்டி முடித்தாள். வடவள்ளி ஊருக்கு மேற்குக் கோடி, மருதமலை அடிவாரம்; சிங்காநல்லூர் கிழக்குக் கோடி. நடுவில் மொத்தக் கோயமுத்தூரும் படுத்திருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்குக் காலை முகூர்த்தம். பால் காய்ச்சுகிற பானை பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும், அது அவர்கள் வழக்கம். ருக்மணி முந்தினநாளே போய்விட்டாள், பானையையும் கொண்டுபோகிறேன் என்றுதான் சொன்னாள். சென்னியப்பன் விடவில்லை. பித்தளைப் பானைக்கு ஈயம் பூசி, புளிபோட்டுத் தேய்த்து, தன் தோளில் தானே சுமந்துகொண்டு மகள் வீட்டு வாசலில் போய் இறங்கவேண்டும், நாலுபேர் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. "முதல் பஸ்ஸுல வந்துருவேன், நீ போ" என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு ஊரெல்லாம் முகூர்த்தம். முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவது பஸ் நின்றது, ஆனால் பானைக்கு இடமில்லை என்று கண்டக்டர் விசிலை ஊதிவிட்டான். சென்னியப்பன் அந்தக் கண்டக்டரின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார். மூன்றாவது பஸ் வரவே இல்லை. குளத்துப்பக்கம் பொழுது சிவந்து கிளம்பிவிட்டது. இடுப்பில் போன் அடித்தது.

"அப்பா, எங்கப்பா இருக்கீங்க?" என்றாள் கோகிலவாணி.

"ஸ்டாப்புல நிக்கறேன் கண்ணு."

"ஐயரு அவசரப்படுத்தறாருங்கப்பா. இவங்க அம்மா, எங்க வீட்டுப் பானை இருக்குதே அதுல காச்சிக்கலாம்னு சொல்றாங்க."

சம்பந்தி வீட்டுப் பானையில் மகள் வீட்டுப் பால் பொங்கினால் சென்னியப்பன் இனி எந்த முகத்தோடு வடவள்ளிப் பக்கம் போவார்? "அதெல்லாம் வேண்டாங் கண்ணு. அப்பன் வந்துருவேன். நீ அடுப்பு மூட்டாத" என்றார்.

"நீங்க வராம மூட்டமாட்டனுங்கப்பா. ஆனா நல்ல நேரம் போயிருமேங்கப்பா" என்றாள்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தபோது, ஸ்டாப்பின் மறுமுனையில், பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, கையில் சீர்த்தட்டோடு மயில்சாமி நிற்பது தெரிந்தது. கோகிலவாணி தாய்மாமனைத் தானாகவே கூப்பிட்டிருக்கிறாள். அவனும் முந்தினநாளே வசந்தாமணியை, அதாவது அவன் பெண்டாட்டியை, ருக்மணியோடு அனுப்பிவிட்டு, தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு வருவதற்காகத் தங்கிவிட்டான். அவனையும் பஸ் ஏற்றவில்லை.

பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கிளாசை உதட்டில் வைத்தபடியே நின்றுவிட்டார்கள். குப்புராஜ் கல்லாவை விட்டு வெளியே வந்தான். எல்லாருடைய கண்ணும் ஒன்றையே சொல்லியது.

சென்னியப்பன் பானையைப் பார்த்தார், பொழுதைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு, "சில பேருக்கு வீட்டுக்கு வந்தவன வாங்கன்னு கேக்கத் தெரியாது" என்றார்.

மயில்சாமி சீர்த்தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "சில பேருக்கு வந்த எடத்துல நிக்கத் தெரியாதுங்க" என்றான், அவனும் ஆகாயத்தைப் பார்த்து.

"நடந்துட்டே பேசுங்ணா, நடந்துட்டே!" என்று கத்தினான் குப்புராஜ்.

நடந்தார்கள். சென்னியப்பன் இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்து வைத்திருந்ததை எடுத்து வெளியே வைத்தார். அந்த நாளில் கட்டியிருந்த வேட்டியின் கரையிலிருந்து ஆரம்பித்தார், வாசலில் இருந்த வாழைமரம், ஸ்பீக்கரில் ஓடிய சாமி பாட்டு, உள்ளேயிருந்து வந்த கேசரி வாசம், தான் செருப்பைக் கழற்றிப் படியோரம் ஒதுக்கி வைத்தது, நிமிர்ந்தது, பார்த்தது, அவன் பார்த்தது, பார்த்தும் கேட்காதது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச்சொல்ல, மில்லில் கோன் சுற்றும் மிஷினில் நூல் ஏறுவதுபோலத் திருச்சி ரோடு சரசரவென்று அவர்கள் காலடியில் சுற்றிக்கொண்டு வந்தது. ஒலம்பஸ் ஸ்டாப் ஒரு பெருமூச்சில் போயிற்று. ராமநாதபுரம் பாலம் ஒரு வாழைப்பழத் தோல்போல மடங்கி ஒதுங்கிற்று. சுங்கத்தில் சிக்னலுக்கு நின்றிருந்தவர்கள், "அடேயப்பா, என்னா வேகம், யாரு வீட்டு மனத்தாங்கலோ!" என்று கும்பிட்டார்கள். டவுன்ஹால் கடிகாரம் இடதுபக்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பூ மார்க்கெட்டில் மல்லிகை வாசம் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு லாலி ரோடு வரைக்கும் கூடவே வந்தது.

"அதுவுமில்லாம பல்லுக்குத் தங்கம் வேற!" என்றார் சென்னியப்பன், மூச்சு வாங்க. "வாயத் தொறந்து வாங்கன்னு சொல்ல முடியல, புதுசாக் கட்டின தங்கப்பல்லக் காட்டி இளிக்க மட்டும் முடிஞ்சுது. நான் என்ன குருடனா? பளபளன்னு பாத்தேன்."

மயில்சாமி சட்டென்று நின்றுவிட்டான். "தங்கப்பல்லா? எனக்கு ஏதுங்க மச்சான் தங்கப்பல்லு?" என்று வாயைப் பிளந்து காட்டினான். உள்ளே வெற்றிலைக்கறை படிந்த சாதாரணப் பற்கள்தான் இருந்தன, அதிலும் இரண்டு இல்லை.

"அப்ப அன்னைக்கு என்னத்தடா மினுக்குன?"

"ஆணிங்க மச்சான்! அன்னைக்கு நான் ஏணிமேல நின்னு தோரணம் அடிச்சுட்டிருந்தனுங்க. ஒரு கைல சுத்தி, ஒரு கைல தோரணம், வாய் நெறைய ஆணி. வாங்கன்னு சொல்லியிருந்தா பாதி ஆணி உங்க தலைல, மீதி என்ற தொண்டைக்குள்ள. தலைய ஆட்டுனனே, பாக்கலீங்களா நீங்க?"

சென்னியப்பன் யோசித்தார். ஏணி இருந்தது. தோரணம் இருந்தது. தலை ஆடியதும்கூட இப்போது ஞாபகம் வந்தது, அதைப் போகச்சொல்லி ஆட்டியதாக அல்லவா அவர் எடுத்துக்கொண்டார். நெஞ்சுக்குள் எத்தனையோ வருஷமாகப் பாறாங்கல்லாகக் கிடந்தது சர்க்கரைமாதிரி கரைந்துபோயிற்று. அது கரைந்த அந்த நொடியில் சாலை அவர்களை விட்டுவிட்டது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்து வயல்களுக்கு எதிரில் இரண்டுபேரும் பொத்தென்று நின்றார்கள். மருதமலை எட்டத்தில், இன்னும் எட்டத்தில், நீலமாக நின்றது. தோளில் பானை கனத்தது.

"போச்சு" என்றார் சென்னியப்பன். "இத நீ வடவள்ளி போனப்பொறவு சொல்லியிருக்கக் கூடாதாடா? இத்தன வருஷம் சொல்லாதவன் இன்னும் கால்மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"யாரு கேட்டீங்க? நீங்க கேட்டீங்களா?" என்று மயில்சாமி திரும்பினான், அவன் மூக்கு சிவந்திருந்தது. "நான் ஏணிய விட்டு எறங்கி ஓடி வர்றதுக்குள்ள ஊடு போய்ச் சேந்துட்டீங்க. கைநனைச்சு ஒரு வாய் சாப்பிடல. வசந்தாமணி உங்களுக்குன்னு மொத எலயப் போட்டு, எல்லாம் பரிமாறி வெச்சவ, நீங்க வந்துருவீங்க வந்துருவீங்கன்னு பொழுது சாயற வரைக்கும் அந்த எலய எடுக்காம காத்திருந்தாளுங்க. அவளும் சாப்பிடல, நானும் சாப்பிடல. புது வீட்டுல மொத நாள் அடுப்பு எரிஞ்சு, வீட்டுக்காரங்க பட்டினி!"

சாலை மெல்ல அசைந்தது. பல்கலைக்கழகத்துக் காம்பவுண்டுச் சுவர் பின்னால் நகர ஆரம்பித்தது. இதுவரைக்கும் செலவானது சென்னியப்பனின் மனத்தாங்கல். மயில்சாமியிடம் ஒன்று தனியாக, தொடாமல், முழுசாக இருந்திருக்கிறது.

சென்னியப்பன் வாயைத் திறந்தார், பல்லைக் கடித்து மூடிக்கொண்டார். பிறந்ததிலிருந்து யாரிடமும் மன்னிப்புக் கேட்டறியாத மனிதர் அவர். இன்றைக்குத்தான் கேட்கவேண்டும்போல வந்தது. கேட்டால் இவன் இளகிவிடுவான், இளகினால் சாலை நின்றுவிடும், சாலை நின்றால் மகள் அடுப்பு மூட்டமாட்டாள்.

"மேல சொல்லு" என்றார்.

"என்னத்தச் சொல்றதுங்க. நீங்க ஏதாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க மச்சான்."

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ திட்டு."

"பெரிய மனுசனத் திட்டச் சொல்றீங்களே, எப்புடிங்க?"

"அந்த எலைல என்னென்ன இருந்துச்சு, அதச் சொல்லுடா!"

"தக்காளிச் சாதம் இருந்துச்சுங்க!" என்றான் மயில்சாமி, அதைச் சொன்னதும் அவனுக்குக் கோபம் பொங்கிற்று. "அவரைக்காப் பொரியல் இருந்துச்சு. உங்களுக்குப் புடிக்கும்னு வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டிருந்தா. அப்பளம் நமத்துப் போச்சுங்க, கச்சாயம் கல்லாப் போச்சுங்க, சோத்து மேல ஈ மொச்சுது, அப்பவும் எடுக்கலீங்க அவ!"

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு ஸ்டாப் போயிற்று. அவரைக்காய்க்கு பி.என்.புதூர் போயிற்று. கச்சாயத்துக்கு மருதமலை பக்கத்தில் வந்து கோபுரம் காட்டிற்று. சென்னியப்பன் பானையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஓட, உதட்டைக் கடித்துக்கொண்டு, பாவம், ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லமுடியாமல் நடந்தார். "பாயாசம்?" என்று மட்டும் கேட்டார். "பாயாசத்த நாய்க்கு ஊத்துனோமுங்க!" என்று மயில்சாமி அலறியபோது, எதிரில் வாழைமரம் கட்டிய புது வீடும், வாசலில் கையைப் பிசைந்துகொண்டு கோகிலவாணியும் நின்றார்கள்.

"அப்பா வந்துட்டாங்க!" என்றாள் அவள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்து, "இருக்கு, இருக்கு, சீக்கிரம்" என்றார்.

சென்னியப்பன் உள்ளே போய் அடுப்பில் பானையை இறக்கினார். இறக்கியவர் நிற்கவில்லை. பால் ஊற்றுவதைக்கூடப் பார்க்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்ப வாசலுக்கு ஓடினார். மயில்சாமி சீர்த்தட்டோடு படிக்குக் கீழே, செருப்பைக்கூடக் கழற்றாமல், கூப்பிடாத விருந்தாளிமாதிரி நின்றுகொண்டிருந்தான்.

சென்னியப்பன் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "வாங்க" என்றார், தெருமுனை வரைக்கும் கேட்கும்படி. "வாங்க மாப்ள. உள்ள வாங்க. வந்து சாப்பிடோணும். நான் பரிமாறுவேன். அன்னைக்கு நான் பண்ணுனது தப்பு."

அந்த வார்த்தையோடு வடவள்ளித் தெரு ஒருதரம் குலுங்கி, சோம்பல் முறித்து, நீட்டி நிமிர்ந்து தன் பழைய நீளத்துக்குப் படுத்துக்கொண்டது. உள்ளே பால் பொங்கிற்று. குலவைச் சத்தத்துக்கு நடுவில் சொந்தக்காரர் ஒருத்தர், "அடக் கெடுத்தாரே! சாயந்திரம் எங்களக் கொண்டுபோய் விட்டுட்டுச் சமாதானமாயிருக்கலாமில்ல?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ருக்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இவரு எதையுமே நேரத்துல செஞ்சதில்லைங்க" என்றாள்.

பந்தியில் சென்னியப்பன் வசந்தாமணிக்கும் மயில்சாமிக்கும் இலைபோட்டுத் தானே பரிமாறினார். பிறகு அவர்கள் எதிரில் தானும் உட்கார்ந்து, வைத்ததை எல்லாம் சாப்பிட்டார், மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார், கச்சாயம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இலை கழுவிவைத்ததுபோல் ஆனபிறகு, வசந்தாமணி, "போதுமுங்ணா, போதும், எந்திரிங்க" என்று சிரித்தபிறகுதான் கையை எடுத்தார்.

பெண்கள் இருவரும் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஆம்பிளைகள் இரண்டுபேரும் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பொழுதிருக்கவே கிளம்பினார்கள். பஸ் கதை காலையில் பார்த்த கதைதான். நடந்தார்கள். இப்போது கோயமுத்தூர் முழுநீளத்துக்குக் கிடந்தது. காலையில் ஒரு மூச்சில் போனதெல்லாம் ஒவ்வொரு அடியாக வந்தது. சென்னியப்பனுக்கு ஊரில் இவ்வளவு வீடுகள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது, ஒவ்வொரு வீட்டுத் தோரணத்தையும் காட்டி, "இது யாரு அடிச்சது? கோணயா இருக்குது" என்றார், மயில்சாமி ஒவ்வொன்றுக்கும் சிரித்தான். பூ மார்க்கெட்டில் முட்டி வலித்தது. டவுன்ஹாலில் இடுப்பு வலித்தது. பக்கத்தில் மிச்சசொச்சச் சண்டைக்காரர்கள் சர்சர்ரென்று கடந்து போனார்கள்.

"மாப்ள, முடியலடா. ஏதாச்சும் சண்ட போடு."

"நீங்க... நீங்க ஒரு கஞ்சனுங்க மச்சான்."

"இன்னும் கொஞ்சம் கெட்டியா."

"மனசே வரமாட்டீங்குதுங்களே."

சாலை அசையவில்லை. சுங்கத்துப் பாலத்துக்குக் கீழே ஒரு திண்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சென்னியப்பனுக்குக் கோகிலவாணி கொடுத்தனுப்பிய டப்பா ஞாபகம் வந்தது. நெய் மைசூர்பாகு, அப்பனுக்குப் பிடிக்கும் என்று எடுத்து வைத்தது. கைவலிக்கிறது என்று மயில்சாமியிடம் கொடுத்திருந்தார். "அந்த டப்பாவ எடு, ஆளுக்கொரு துண்டு போட்டுட்டு நடக்கலாம்" என்றார்.

மயில்சாமி டப்பாவை நீட்டினான். திறந்தால் பொடிகூட இல்லை.

"எங்கடா?"

"சும்மா கைக்கு எட்டுச்சுங்க மச்சான். நீங்க தோரணம் பாத்துட்டே வந்தீங்களா, ஒண்ணொண்ணா..."

"எல்லாமுமா?"

"நல்லா இருந்துச்சுங்க."

"என்ற மக எனக்குக் குடுத்து உட்டதடா!" என்று சென்னியப்பன் எழுந்து நின்றார். காலையில் காலியான நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, சின்னதாக, சூடாக, மிளகாய் விதைமாதிரி விழுந்தது. "ஒரு துண்டு! எனக்குன்னு ஒரே ஒரு துண்டு வெக்கோணும்னு தோணலியா உனக்கு?"

பாலத்தின் தூண் ஒன்று மெதுவாக நகர்ந்தது. இருவரும் பார்த்தார்கள். பிறகு ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ஓட்டமாக நடந்தார்கள், நெய்யைச் சொல்லவும் ராமநாதபுரம் போயிற்று, மகள் கையால் கிண்டியதைச் சொல்லவும் ஒலம்பஸ் போயிற்று, "அடியில ஒட்டியிருந்தத வழிச்சும் தின்னுட்டியாடா!" என்று அவர் கத்தி முடித்தபோது குப்புராஜின் பேக்கரி வெளிச்சம் முகத்தில் அடித்தது. மைசூர்பாகின் மனத்தாங்கல் வேப்பமரத்தடி வரைக்கும் கொண்டுவந்து விட்டும் தீரவில்லை.

குப்புராஜ் எட்டிப் பார்த்து, "என்னங்ணா, சமாதானம்னு கேள்விப்பட்டு அழுதுட்டிருந்தோம், இன்னும் மிச்சம் இருக்குதுங்களா?" என்றான்.

"கொஞ்சம் இருக்குது" என்றார் சென்னியப்பன்.

இரண்டுநாள் கழித்து, வடவள்ளியிலிருந்து திரும்பிய வசந்தாமணி விஷயத்தைக் கேள்விப்பட்டுப் புருஷனைத் திட்டிவிட்டு, கடையில் புதிதாக ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறினாள். "வாம்மா, வா வா" என்று சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டார். காப்பி கொடுக்கச் சொன்னார். டப்பாவை மட்டும் கையால் தொடவில்லை.

"எடுத்துக்கங்ணா, அவரு தின்னதுக்கு ஈடு."

"நீ வெச்சுக்க அம்முணி" என்றார், அதன் வாசத்தில் நாக்கு ஊறுவதை விழுங்கிக்கொண்டு. "ஆடிவெள்ளிக்கு வடவள்ளி போகோணும். அதுவரைக்கும் உன்ற புருசன நான் மன்னிக்கறதா இல்ல."